ஃபாரத்தில் விட்டுப்போன எடை

என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, முகமெல்லாம் வீங்கி, எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்துதான் என்னை எடுத்தார்கள். அதனால் பிள்ளை தங்கியதுமே எனக்குப் பயம். நஞ்சுக்கொடி சரியாகப் பதியாவிட்டால் அது சுரக்கும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதம் ரத்தத்தில் குறையுமாம். 11 வாரத்திலிருந்து 14 வாரம் முடியாமல் பார்த்தால் பின்னால் அம்மாவுக்கு வந்த மாதிரி கர்ப்பக்கொதிப்பு (பிரீ-எக்லாம்ப்சியா) வருமா என்று கணிக்கலாம் என்று சொல்லி, ஈப்போ டவுனில் ரத்தம் கொடுக்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பினோம். கணவருக்குத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் போச்சு.

கவுண்டரில் இருந்த பெண், "டவுன் சிண்ட்ரோம் டெஸ்ட்தானே?" என்றார். இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆறு நாள் கழித்துப் போன் வந்தது. ஃபாரத்தில் எடை எழுதவில்லை, கொதிப்பு பார்க்கவில்லை, கணக்குப் போட முடியாது, திரும்ப வாங்க என்றார்கள். எனக்கு அப்போது 13 வாரம். போனைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: ரத்தம் மட்டும் பதில் சொல்லாது. எடை கூடினால் உடம்பில் ரத்தமும் கூடும், புரதம் நீர்த்துத் தெரியும். எடை இல்லாமல் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு கையிலும் எடுத்த கொதிப்பு, ஸ்கேனில் பிள்ளையின் நீளம், இனம், அம்மாவுக்கு இது வந்ததா என்பது, எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கையை நீட்டுமுன் ஃபாரத்தை வாங்கிப் பாருங்கள்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினேன். வயதான மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் என்னை ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, பிறகுதான் கொதிப்பு எடுத்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

முடிவு: எனக்குக் கர்ப்பக்கொதிப்பு வரும் வாய்ப்பு 64-ல் 1. 100-ல் 1-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டுமாம். தினம் ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், 36 வாரம் வரை. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார் டாக்டர். 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கவைக்கும் கொதிப்பு, மாத்திரை எடுத்தவர்களிடம் 62 சதவீதம் குறைந்திருந்ததாம். மாமியார் மாத்திரை வேண்டாம் என்று தடுத்தார். டாக்டரிடமே கூட்டிப்போய்ப் பேசவைத்தேன்.

இப்போது 29 வாரம். போன செவ்வாய் கொதிப்பு 116/72. ராத்திரி ஒன்பது மணியானால் அம்மா போன் செய்துவிடுவார், "மருந்து போட்டாச்சா?"