வெள்ளாட்டுக் குடலில் ஜோனிஸ் நோய்: நுண்ணோக்கி காட்டுவது

"தீனி எடுக்கிறது, உடம்பு மட்டும் தேறவில்லை" என்று ஆடு வளர்ப்போர் சொன்னால், பேச்சு பெரும்பாலும் குடற்புழு மருந்தோடு முடிந்துவிடுகிறது. புழு நீக்கிய பிறகும் ஆடு எலும்பும் தோலுமாகிக்கொண்டே போனால் ஜோனிஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பாக்டீரியா உண்டாக்கும் இந்த நாள்பட்ட குடல் அழற்சியை, 1895-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் யோனே, ஃபிராதிங்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் மாட்டின் குடலில் கண்டு விவரித்தார்கள். மாட்டில் குடற்சுவர் தடித்து உட்புறம் மடிப்பு மடிப்பாகத் தெரியும், கழிச்சலும் ஓயாது. வெள்ளாட்டில் இவ்விரண்டையும் நம்ப முடியாது. புழுக்கை இயல்பாகவே விழலாம். அறுத்துப் பார்த்தாலும் குடலில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம்.

நுண்ணோக்கியின் கீழ்தான் சேதம் புலப்படுகிறது. இலியம் எனப்படும் சிறுகுடலின் கடைப்பகுதியில், விரல்களைப் போல நீண்டு நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றின் உள்ளே வெளிறிய, பருத்த மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும்) செல்கள் கூட்டமாக நிறைந்து சுரப்பிகளை விலக்கித் தள்ளியிருக்கும். இடையிடையே, உட்கருக்கள் விளிம்பில் குதிரைலாட வடிவில் அடுக்கிய பெருஞ்செல்களும் தென்படும். நிணநீர் நாளங்களைச் சுற்றியும் அழற்சி பரவும். உறிஞ்சும் பரப்பு குறைந்து புரதமும் குடல்வழியே கசிவதால் தாடைக்கடியில் நீர் கோக்கிறது. புழுத் தாக்குதலிலும் இதே வீக்கம் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். நிணநீர்க் கணுக்களில் திசு அழுகிச் சுண்ணாம்பு படிவதும் வெள்ளாட்டில் உண்டு. அதைக் காசநோய் என்று எண்ணிவிட இடமிருக்கிறது.

இவ்வகைக் கிருமிகளைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் சாயமிட்டால் சில ஆடுகளின் மேக்ரோஃபேஜ்களுக்குள் சிவந்த கிருமிகள் கொத்துக்கொத்தாக நிற்கும். வேறு சிலவற்றில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களே மிகுந்து, தேடித் தேடிப் பார்த்தாலும் ஓரிரு கிருமிகளே அகப்படும். இந்த இரண்டாம் வகையில் "கிருமி இல்லை" என்ற ஒரு வரியோடு அறிக்கையை முடிப்பது தவறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியிலிருந்து, கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்து பார்க்க வேண்டும். தாயின் பாலிலும் சாணத்திலும் இருந்து குட்டிப் பருவத்திலேயே தொற்றிக்கொள்ளும் நோய் இது. அறிகுறி தெரியப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும்.

ஆகவே, மெலிந்து இறந்த ஆட்டை அறுக்கும் மருத்துவர்கள், குடல் இயல்பாகத் தெரிந்தாலும் இலியம், அது பெருங்குடலைச் சேரும் வால்வு, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள் மூன்றையும், திசுவைப் போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் இட்டு அனுப்புங்கள்.