கல்லறைத் திருநாளில் கிளேரிகோஸ் கோபுரம்

நவம்பர் 2 அன்று நான் போர்ச்சுகலில் போர்ட்டோ நகரத்தில் இருந்தேன். அப்பா போன பிறகு கல்லறைத் திருநாளுக்கு ஊரில் இல்லாதது அதுதான் முதல் தடவை. "அங்க ஒரு கோயிலுக்காவது போ" என்று அம்மா சொல்லியிருந்தார்.

எந்தக் கோயில் என்று தேடவே வேண்டாம். ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் கூரைகளுக்கு மேலே கிளேரிகோஸ் மணிக்கோபுரம் தெரிகிறது, 75 மீட்டருக்கு மேல் உயரம், முழுக்கக் கருங்கல், அந்தக் காலத்தில் டோரோ ஆற்றுக்குள் வந்த கப்பல்காரர்களுக்கும் இதுதான் அடையாளமாம். தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைத்த மேட்டில், ஏழைக் குருக்களின் நோயையும் சாவையும் கவனித்துக்கொண்ட ஒரு குருக்கள் சபை இதைக் கட்டியது என்று படித்ததும், இன்றைக்கு வர வேண்டிய இடம்தான் என்று தோன்றியது.

கோயில் விண்ணேற்பு மாதாவுக்கு. உள்ளே நடுக்கூடம் முட்டை வடிவம், அதனால் எங்கே முழங்கால் போட்டாலும் சுவர் நம்மை அணைத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. அப்பாவுக்காக ஒரு பரலோக மந்திரம், அப்புறம் நசோனிக்காக ஒன்று. நிக்கோலாவ் நசோனி இத்தாலிக்காரர், கோயிலையும் 1763-இல் முடிந்த கோபுரத்தையும் வடிவமைத்தவர். தன்னை இங்கேயே அடக்கம் செய்யச் சொன்னார், 1773-இல் இறந்ததும் அப்படியே செய்தார்கள், ஆனால் சரியாக எந்த இடம் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஊருக்கே அடையாளம் கட்டிக்கொடுத்தவரின் கல்லறைக்கு ஓர் அடையாளம் இல்லை!

கோபுரம் ஏற டிக்கெட். இருநூறுக்கு மேல் படிகள், போகப் போகக் குறுகி, எதிரே ஒருவர் இறங்கினால் சுவரோடு ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டும். (என் வயிற்றுக்கு அது லேசில் நடக்கவில்லை.) வழியில் மணிகள், மொத்தம் 49.

மேலே போனபோது தூறல், செம்மண் நிற ஓட்டுக்கூரைகள், தூரத்தில் ஆறு. அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே பகல் பன்னிரண்டு ஆகப்போகிறது, ஊரில் மாலை ஐந்தரை, அவர் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பிப்பதற்குள் காலுக்குக் கீழே மணி அடித்தது, கைப்பிடிக் கல்லில் வைத்திருந்த கை அதிர்ந்தது. போனை அப்படியே நீட்டிப் பிடித்தேன்.

"எந்தக் கோயில் மணிடா அது?" என்றார். நான் சொல்லி முடிக்கவில்லை. "சரி சரி, சாமியார் மந்திரிக்க வந்துட்டாரு, வை."