பீப்பாய்க்குள் முதல் அரை நிமிடம்

மே மாதத்துச் சென்னையில் மாடித் தொட்டித் தண்ணீர் விடியற்காலையிலேயே வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், குளிர்நீர்க் குளியலைச் சோதித்துப் பார்க்க விரும்பிய நான் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயையும், மீன் சந்தைக்கு அருகிலுள்ள கடையிலிருந்து உமி ஒட்டிய சாக்கில் 30 கிலோ ஐஸையும் வாங்கிவர வேண்டியிருந்தது. வழியில் உருகியது போக மிஞ்சிய ஐஸ், 150 லிட்டர் தண்ணீரை 29 டிகிரியிலிருந்து 14 டிகிரிக்கு இறக்கிவிட்டது.

கழுத்துவரை அமிழ்ந்த கணத்தில், என் சம்மதமின்றியே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு நாய் இளைப்பதுபோல் இளைத்தேன். மனத்துக்குள் எண்ணத் தொடங்கிய எண்கள் ஏழிலேயே நின்றுபோயின.

தோல் திடீரெனக் குளிரும்போது எழும் இந்த எதிர்வினைக்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்து மைக் டிப்டன் இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒருங்கே எகிறி, முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிகின்றன. உடல் விறைத்துச் சாவதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் அதற்கு உறைநீரிலும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தலை நீருக்கடியில் இருக்கையில் அந்த முதல் இழுப்பு நிகழ்ந்தால், நுரையீரலுக்குள் போவது தண்ணீர். முகமும் சேர்ந்து நனையும்போது, துடிப்பைக் குறைக்கச் சொல்லும் முக்குளிப்பு அனிச்சையும் கூடவே கிளம்பி, முடுக்கு, நிறுத்து என்ற இரண்டு ஆணைகளும் ஒரே இதயத்துக்குப் போய்ச் சேர்வதால் துடிப்பு தாறுமாறாகலாம் என்று டிப்டனும் சக ஆய்வாளர் ஷட்டாக்கும் 2012இல் எழுதினார்கள்.

குளித்தெழுந்தபின் கிடைக்கும் அந்தச் சுறுசுறுப்புக்கும் இதே பதற்றம்தான் ஊற்று. 14 டிகிரி நீரில் அமர்ந்த இளைஞர்களின் இரத்தத்தில், உடலை உசுப்பிவிடும் நார்அட்ரீனலின் 530 சதவீதமும், ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமைன் 250 சதவீதமும் உயர்ந்ததாகச் செக் நாட்டு ஆய்வு ஒன்று 2000இல் பதிவுசெய்தது. அவர்கள் அமர்ந்திருந்தது ஒரு மணி நேரம். இணையத்தில் உலவும் காணொளிகள் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகின்றன. நெதர்லாந்தில் 3,018 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடிகள் குளிர்ந்த நீரில் நின்றவர்கள் நோய் விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. நோயுற்றிருந்த நாட்களோ குறையவில்லை. அதுவும் அந்நாட்டுக் குளிர்காலக் குழாய்நீர். நம் ஷவரைத் திறந்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது வீண். பளு தூக்கியவுடன் ஐஸ் குளியல் போடுவோர், 10 டிகிரி நீரில் பத்து நிமிடம் அமர்வதை 12 வாரங்கள் தொடர்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததைக் காட்டிய 2015ஆம் ஆண்டு ஆய்வை அறிந்துகொள்வது நல்லது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியப்பா தானும் இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னபோது மறுத்துவிட்டேன்; இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. தனியாக இறங்கக் கூடாது என்பதால், அவரையே பீப்பாய்க்கு அருகில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை அமிழ்ந்தாலே குளிர் அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது டிப்டன் போன்றோரின் ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. என் ஆறாவது முறையில் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காத பெரியப்பா துண்டை நீட்டி, "ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஏறுடா" என்றார்.