முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடியைத் தாண்டிச் சமணர் மலை அடிவாரத்து மண்தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, என் சைக்கிளின் பின்சக்கரம் ஒரு கல்லின்மேல் காற்றோடு ஏறிக் காற்றில்லாமல் இறங்கியது. மாற்று டியூபும் கைப்பம்பும் மச்சினனின் முதுகுப்பையில் இருந்தன. மச்சினன் வழக்கம்போல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தான். அவன் 58 கிலோ. டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "போதும் மாமா" என்று ஏறிப் பறக்கிற பிறவி. நான் 104 கிலோ என்பதை இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாகமலை புதுக்கோட்டை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வழியில் பாதி ஊர் என்னைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துவிட்டது.

பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கியதும், ஒரு விரற்கடை இடைவெளியில் இரண்டு இடங்களிலிருந்து குமிழிகள் அக்கா தங்கை போல ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்தன. டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தவர், "முள்ளு இல்ல தம்பி, எத்தனை கிலோ இருப்பீங்க?" என்றார். காற்றடிக்க நின்றவர்களும் டீ கொண்டுவந்த பையனும் என் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குள் இரவில் சோற்றை விட்டுவிடுவது பற்றியும் கேப்பைக் கூழின் மகிமை பற்றியும் எனக்கு முழுப் பிரசங்கம் நடந்து முடிந்தது.

கருவேல முள் குத்தினால் பெரும்பாலும் ஓட்டை ஒன்றுதான், அதுவும் தரையைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். இது வேறு வகை. காற்று போதாத டயர் கல்லில் மோதி ரிம் வரைக்கும் நசுங்கும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இரண்டு வாயாகக் கிழிகிறது. ஆகவே குறை என் எடையில் இல்லை, எடைக்கேற்ற காற்று இல்லாததில் இருக்கிறது. உட்கார்ந்து ஓட்டும்போது பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் அதற்கு முன்சக்கரத்தைவிடச் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாக வேண்டும், டியூபில் காற்று சும்மா நிற்கும்போதே குறையும் என்பதால், கிளம்பும் முன் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்கவும் வேண்டும். அதற்காகக் கல்லாக அடித்துவைத்தால் சரளையில் பிடிமானம் போய், பல்வரிசை தனித்தனியாக ஆட ஆரம்பிக்கும். கல் வரும்போது பிரேக்கை விட்டு, சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கிப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் 104 கிலோ எழுந்து நிற்க அவகாசம் கொடுத்து எந்தக் கல்லும் முன்கூட்டியே தகவல் சொல்வதில்லை.

டன்லப் தம் சிறுவயது மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் காற்று டயரைச் செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். குழந்தைக்குச் செய்த பொருளில் குடும்பத் தலைவர்கள் ஏறினால் வேறென்ன நடக்கும்?

டியூப்லெஸ் மாட்டச் சொல்லி மச்சினன் வீட்டில் வந்து பாடம் எடுத்தான். நசுங்குவதற்கு டியூபே இருக்காது, உள்ளே ஊற்றுகிற திரவம் சின்ன முள் ஓட்டைகளையும் அடைத்துவிடும் என்பதெல்லாம் சரி. அதற்கேற்ற ரிம்மும் டயரும் என் வண்டியில் இல்லை என்பதையும், பலமாக இடித்தால் டியூப்லெஸ்ஸிலும் ரிம் நெளியும் என்பதையும் அவன் வசதியாக விட்டுவிட்டான். என் மனைவியோ இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, காலைப் பலகாரத்தில் இரண்டு இட்லி குறைந்தால் செலவில்லாமல் தீருகிற காரியம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "எம்புள்ள ஏற்கெனவே பாதியா எளைச்சுக் கெடக்கு. அவன் ஏன் எளைக்கணும், டயரை நல்ல அகலமா, கனமா வாங்கி மாட்டுங்க" என்றார். சைக்கிள் ஏறியே அறியாத அம்மா சொன்னதுதான் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தொழில்நுட்ப ஆலோசனை. இப்போதுள்ள 1.95 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, ஃபிரேமில் இடம் பிடிக்கிற மட்டும் அகலமாக, கெட்டியான பக்கச்சுவர் உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கைபேசியில் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் கீழே இருந்த விலையையும் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் என் தட்டில் இட்லி குறைந்திருந்தது; பரிமாறியது அம்மாதான்.