மழை விடட்டும்

நோர்வேயின் பேர்கன் நகரில் முன்பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இது பதினோராவது வருடம். காலை ஏழரைக்குக் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது உலர்த்தும் அலமாரியைத்தான். ஆளுயர இரும்பு அலமாரி, உள்ளே வரிசையாகக் கம்பிகள், சூடான காற்று வீசும். முதல் நாள் நனைந்த கையுறைகளும் கம்பளிக் காலுறைகளும் அதில் காய்ந்து விறைத்துத் தொங்கும். ஈரக் கம்பளிக்கு ஒரு மணம் இருக்கிறது. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியை ஊரில் தூக்கியவர்களுக்கு அது தெரியும்.

ஒக்டோபர் பிறந்தால், புதிதாக வந்த தமிழ்க் குடும்பம் ஏதாவது ஒன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும். "அக்கா, இண்டைக்கு மழை. பிள்ளையை வெளிய விடாதேங்கோ." அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் மாரி மழை கொட்டும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். "மழை விடட்டும் பிள்ளை." அங்கே அது சரியான பேச்சு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எவ்வளவு கொட்டினாலும் ஒரு நேரம் விட்டுவிடும், தை பிறந்தால் வெயில் வந்துவிடும்.

இங்கே விடாது. 2006 ஒக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை, 85 நாட்கள் ஒரு நாள்கூட விடாமல் இந்த நகரத்தில் மழை பெய்திருக்கிறது. வருடத்துக்குச் சராசரி கிட்டத்தட்ட 2,500 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பெய்வது அதில் ஏறக்குறைய அரைவாசிதான். ஆனால் அளவைவிட அது பெய்யும் விதத்தைத்தான் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே கொட்டும் மழை குறைவு. பெரும்பாலும் தூறல், சாரல், பக்கவாட்டில் வரும் ஈரக் காற்று. காற்றடித்தால் குடை மேல்பக்கம் மடிந்துவிடும். புயல் நாளுக்கு மறுநாள் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

இந்த மழைக்குக் காரணம் மலைகள். நகரைச் சுற்றி ஏழு மலைகள் என்பார்கள். அவற்றில் உல்ரிக்கன் 643 மீற்றர். தென்மேற்கிலிருந்து கடலைத் தடவி வரும் காற்று ஈரத்தோடு வந்து இந்த மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமையை இங்கேயே இறக்கிவிடுகிறது. மலைகளுக்கு அப்பாலுள்ள ஒஸ்லோவுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதே கடல்தான் எங்களைக் காப்பாற்றவும் செய்கிறது. கிரீன்லாந்தின் தென்முனையும் நாங்களும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில், 60 பாகையில் இருக்கிறோம். அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தால் இங்கே ஜனவரியின் சராசரிகூடப் பூச்சியத்துக்கு மேலேதான். அதனால் எங்களுக்குப் பனியைவிட மழையே அதிகம்.

வானிலை அறிவியலில் இந்த ஊருக்குப் பெரிய பெயர் இருக்கிறது. 1917இல் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற நோர்வேஜிய வானிலை அறிவியலாளர் இங்கே வந்தார். போர்க்காலத்தில் வெளிநாட்டு வானிலைத் தகவல்கள் நின்றுபோயின. அப்போது மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் உதவ, நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் அவதானிப்பு நிலையங்களைக் கூட்டினார்கள். குளிர்காற்றும் வெப்பக்காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லையைப் போர்முனையைப் போலப் பார்த்து 'முனை' என்று பெயர் வைத்ததும் இங்கேதான். உலகத்து வானிலை வரைபடங்களில் இன்றைக்கும் அந்தக் கோடுகள் இருக்கின்றன.

சரி, பிள்ளைகளின் உடுப்புக்கு வருகிறேன். உடம்போடு ஒட்டக் கம்பளி உள்ளுடுப்பு. பருத்தி வேண்டவே வேண்டாம், அது நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி ஈரமானாலும் சூடு கொடுக்கும். அதன்மேல் மழைக் காற்சட்டை, மழைச் சட்டை. காற்சட்டையின் அடியில் ஒரு இலாஸ்டிக் பட்டி இருக்கும். முதலில் பூட்ஸைப் போட்டுவிட்டு, காற்சட்டையை அதற்கு வெளியே இறக்கி, பட்டியைப் பூட்ஸின் அடியில் மாட்ட வேண்டும். காற்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்தால் வழியும் தண்ணீர் எல்லாம் நேரே உள்ளே போய்விடும். முதல் வருடம் என் மகனுக்கு நான் அப்படித்தான் திணித்து அனுப்பினேன், உள்ளே பருத்திச் சட்டையோடு. மாலையில் கூட்டிவரப் போனபோது உதடு நீலம் பாய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றான். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. தொலைபேசியில் கேட்கும் தாய்மாருக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். பிள்ளையை உள்ளே வைத்திருக்க வேண்டாம், உடுப்பைச் சரியாகப் போட்டு விடுங்கள். சேற்றில் உட்கார்ந்து குழி தோண்டுகிற பிள்ளைகளின் முகத்தை ஒரு நாள் வந்து பாருங்கள்.

போன இலையுதிர் காலத்தில் அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். இங்கே எல்லோரும் காலையில் பார்க்கும் வானிலைச் செயலிக்கு 'யூர்' என்று பெயர். நோர்வேஜிய மொழியில் தூறல் என்று அர்த்தம். அம்மாவின் காதில் அது 'ஊர்' என்றே விழுந்தது. "பிள்ளை, ஊர் என்ன சொல்லுது?" என்று தேநீரோடு வந்து கேட்பார். மழையாம் அம்மா என்பேன். "அப்ப விடட்டும்" என்று யன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். இரண்டு கிழமை அப்படியே போனது.

மூன்றாவது கிழமை ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஆளில்லை. கொழுவியில் என் மஞ்சள் மழைச் சட்டையும் இல்லை. பதறிக்கொண்டு படியிறங்கினேன். அம்மா பால் பெட்டியும் கையுமாக ஏற்றத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார், நல்ல தூறலில். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகி என் மழைக் காற்சட்டையைப் போட்டிருந்தார். குனிந்து பார்த்தேன். பட்டி பூட்ஸின் அடியில் சரியாக மாட்டியிருந்தது.