'ராம்நாட்' என்று எழுதிய சீட்டுகள்

இறந்த விலங்குகளை ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) போட்டு வைத்த பழைய ஜாடிகளைக் கடலோரத்தில் பராமரிப்பதில் பாதி வேலை மூடியோடுதான். உப்புக்காற்றில் தகர மூடி பொரிந்து உதிரும். உள்ளே இருக்கும் ஸ்பிரிட் சத்தமில்லாமல் ஆவியாகிவிடும். ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் தவளை, ஓணான், பாம்பு ஜாடிகளைப் பட்டியலிடும் பொறுப்பு எனக்கு வந்தபோது, முதலில் மூடிகளை மாற்றினோம். அப்புறம்தான் பதிவேடு.

"ஜாடிக்குள்ள போடுற சீட்டைப் பென்சில்ல எழுதுங்கம்மா, பால்பாயிண்ட் மை ஸ்பிரிட்ல கரைஞ்சிரும்" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

விலங்கை அடையாளம் காண்பது பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. கடல்பாம்பின் நிறம் வெளிறிப் பட்டைகள் மங்கிவிடும், ஆனால் செதில் எங்கும் போகாது. கீழ்த்தாடை நுனியில் இருக்கும் செதில் குறுகலாகி, இரு பக்கச் செதில்களுக்கு இடையே பள்ளத்தில் அமுங்கிக் கிடந்தால் அது அலகு மூக்குக் கடல்பாம்பு. கைலென்ஸ் போதும். பழைய சீட்டில் அதன் பேரினம் என்ஹைட்ரினா, இன்று ஹைட்ரோஃபிஸ். வயல் தவளை ராணாவிலிருந்து ஹோப்லோபட்ராகஸ் ஆனது. வீட்டோரத் தேரை 2006இல் பூஃபோவிலிருந்து டட்டாஃப்ரைனஸுக்குப் போனது. பழைய பெயரை அடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதினால் சரி.

ஊர்ப்பெயர்தான் உண்மையான தலைவலி. ஒரு ஜாடியில் கவசவால் பாம்பு. சாய்வாக வெட்டிவிட்டதுபோல் மொட்டையான வால், அதன் மேல் சொரசொரப்பான செதில்கள். ஈர மண்ணைத் துளைத்து வாழும் மலைக்காட்டுப் பாம்பு அது. சீட்டிலோ, ராமநாதபுரத்தை ஆங்கிலத்தில் சுருக்கி, 'ராம்நாட் மாவட்டம்' என்று மட்டும் இருந்தது. "நம்ம மணல்ல இது எங்க மேடம் இருக்கும்? சீட்டு மாறிப்போச்சு, 'இடம் தவறு'ன்னு போட்டுரலாமா?" என்று கேட்டான் மாணவன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவு வரை இதே மாவட்டம்தான். 1985இல் பிரித்த பிறகுதான் நமக்குக் கடலும் கண்மாயும் மிஞ்சின. சீட்டு எழுதியவர் அவர் காலத்துக்குச் சரியாகவே எழுதியிருக்கிறார்.

கணினிப் பதிவில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கென்று கட்டங்கள் உண்டு. 'தனுஷ்கோடி' என்றிருந்தால் ஒரு புள்ளி வைத்து, சுற்றிலும் இத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்று குறிக்கலாம். 1964 புயலில் ஊர் போனாலும் இடம் தெரியும். 'ராம்நாட் மாவட்டம்' என்பதற்கு எங்கே புள்ளி வைப்பது? ராமநாதபுரம் நகரத்து நடுவில் வைத்தால், நாளைக்கு யாரோ வரைபடம் போட்டு அரண்மனை வாசலில் கவசவால் பாம்பைக் காட்டுவார்கள். காலியாக விடச் சொன்னேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிர்வாகத்துக்குப் பிடிக்காது, பரவாயில்லை. சீட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் ஏற்றி, '1985க்கு முந்தைய மாவட்டம், மலைப்பகுதியாக இருக்கலாம்' என்று குறிப்புப் பகுதியில் சேர்த்தோம்.

விசிறித்தொண்டை ஓணான்கள் இன்னும் பாக்கி. எல்லாச் சீட்டிலும் சிட்டானா பாண்டிசெரியானா என்றே இருக்கிறது. 2016இல் தென்தமிழ்நாட்டிலிருந்து சிட்டானா மருதம்நெய்தல் என்று தனிச் சிற்றினத்தை விவரித்துவிட்டார்கள். ஆண் ஓணானின் தொண்டை விசிறியில் இருந்த நீலம் ஸ்பிரிட்டில் எப்போதோ போய்விட்டது. கிராமப் பெயர் இருக்கும் ஜாடிகளை நிபுணர் பார்வைக்கு அனுப்பத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். வெறும் 'ராம்நாட்' ஜாடிகள் அடுத்த சுற்றுக்கு.