சத்தம் போடாத எக்ஸாஸ்ட் ஃபேன்

பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா சார்?" சத்தம் எப்படி என்றால், "புதுசுல எதுவும் சத்தம் வராது" என்பார்.

அதை நம்பாமல் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டெசிபல் (சத்தத்தின் அளவு) போட்டிருந்தால், எத்தனை மீட்டர் தள்ளி அளந்தது என்றும் பாருங்கள். ஒரு மீட்டரில் அளந்த 40-ம் மூன்று மீட்டரில் அளந்த 40-ம் ஒன்றல்ல. பத்து டெசிபல் கூடினால் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம்.

6க்கு 5 பாத்ரூம், 8 அடி உயரம் என்றால் 240 கன அடி. ஏழு கன மீட்டர்கூட இல்லை. மணிக்குப் பதினைந்து தடவை காற்று மாறினாலும் சுமார் 100 கன மீட்டர்தான். இதற்குச் சின்ன ஃபேனைத் தலைதெறிக்க ஓட்டுவதைவிட, கொஞ்சம் பெரியதை மெதுவாக ஓட்டினால் சத்தம் குறையும்.

ஆனால் பாதிச் சத்தம் ஃபேனில் இல்லை, மாட்டுகிற விதத்தில் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் யார் பார்க்கப்போகிறார்கள் என்று காற்றை வெளியே கொண்டுபோகும் வளையும் பைப்பைக் கசக்கித் திணித்துவிட்டுப் போவார்கள். காற்று திணறும், ஃபேன் உறுமும். பைப்பை நன்றாக இழுத்து, வளைவைக் குறைத்து மாட்டச் சொல்லுங்கள். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வாஷர். கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி. உள்ளே காற்று வராமல் எதை வெளியே தள்ளும்?

கிச்சனுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அம்மா மிளகாய் வறுக்கும்போது டெசிபலை யார் பார்க்கிறார்கள், புகை போனால் போதும்!